வாப்பாவும் ஐந்து கிரெடிட்டும்

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த என் பேத்தி, கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, இந்தக் காலத்துக் கிரெடிட் என்றால் என்னவென்று எனக்கு விளக்கினாள். ஒரு பாடம் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் நடக்கிறதோ, அதற்கேற்ற கிரெடிட்டாம். அரையாண்டுக்கு அரையாண்டு சேர்த்துக்கொண்டே போகலாமாம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், மற்றதெல்லாம் எடுத்தது எடுத்ததுதான். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே தவிர, மனசு என்னைப் பெற்ற வாப்பாவிடம் போய்விட்டது. இதே ஏற்பாட்டைத்தான் அவர் அறுபது வருஷங்களுக்கு முன்னால் ஒரு பாதிரியாரிடம் கேட்டுப் பார்த்தார்.

கண்டியில் எங்களுக்குப் பீங்கான் கடை. கொழும்பிலிருந்து ரயிலில் வரும் மரப்பெட்டிகளை வாப்பாதான் பிரிப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். வைக்கோலுக்குள் கையை விட்டு ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் குலுக்கிய குலுக்கலில் எந்தப் பெட்டியும் முழுசாக வந்ததில்லை. ஒன்றில் கோப்பை உடைந்திருக்கும், இன்னொன்றில் தேத்தண்ணிப் பானையின் மூடி போயிருக்கும். வாப்பா அலட்டிக்கொள்ளவே மாட்டார். இரண்டையும் சேர்த்து ஒரு முழு செட் ஆக்கிவிடுவார். எது எந்தப் பெட்டியில் வந்தது என்று வீட்டு ஆட்களான எங்களுக்கே தெரியாது.

நான் படித்தது பாதிரிமார் நடத்திய கல்லூரியில். சீமையிலிருந்து வினாத்தாள் வரும் சீனியர் பரீட்சையில் சும்மா பாஸ் பண்ணினால் கிளார்க் வேலைக்குப் போகலாம். கொழும்பில் மேலே படிப்பதென்றால் ஐந்து பாடங்களில், பாஸுக்கும் மேலே, கிரெடிட் வேண்டும். முதல் தடவை எனக்கு நாலு கிடைத்தது, இங்கிலீஷ் கவிழ்த்துவிட்டது. என் சாச்சா, வாப்பாவின் தம்பி, மலைத் தோட்டங்கள் பக்கம் தெல்தோட்டையில் புதுக்கடை போட்டு ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு தடவை எழுதட்டும், கிடைக்காவிட்டால் பையனை அனுப்புகிறேன் என்று வாப்பா அவருக்கு வாக்குக் கொடுத்தார். எனக்கோ அந்தக் கடைக்குப் போக விருப்பமே இல்லை. படிக்க வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் எனக்கு ஒரு வெறி மாதிரியே இருந்தது.

இரண்டாம் தடவை முடிவு வந்தது. இங்கிலீஷில் கிரெடிட். கணக்கு வெறும் பாஸ். நான் சோறு தின்னாமல் கிடந்தேன். வாப்பா முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். போன வருஷத்துக் கணக்கையும் இந்த வருஷத்து இங்கிலீஷையும் சேர்த்தால் ஐந்து வந்துவிட்டதே, எதற்கு மூக்கைச் சிந்துகிறாய் என்றார். அப்படிச் சேர்க்க மாட்டார்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, கல்லூரித் தலைவரான பெரிய பாதிரியாரிடம் புறப்பட்டார்.

வாப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, வெள்ளைக்காரரான பாதிரியாருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் சிங்களத்தில் பேசினார்கள். பாதிரியார் கொடுத்த தேத்தண்ணியை வாப்பா ஒரு வாய் குடித்தார். கோப்பையைத் தூக்கிக் காட்டி, இது என் கடையில் வாங்கிய செட், இரண்டு பெட்டியிலிருந்து சேர்த்தது, தேத்தண்ணி கெட்டுப்போனதா என்று கேட்டார். நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன். பாதிரியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். இங்கே ஐந்து கோப்பையும் ஒரே பெட்டியில் உடையாமல் வரவேண்டும், அதுதான் விதி என்றார். வாப்பா மறுபடி கேட்டார், பாதிரியார் மறுபடி சொன்னார். வீடு திரும்பும் வழியில் வாப்பா முன்னால் நடந்தார். வாவிக் கரையில் அவருக்குப் பின்னால் நடக்கும்போதே தெல்தோட்டைக்குப் போவதற்கு நான் மனசைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

அன்று பின்னேரமே சாச்சா வந்துவிட்டார். முடிவைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார், பாவம், அவருக்கும் அவசரம். என் சாமான்களைக் கட்டச் சொன்னார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார். வாப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: “அஞ்சும் ஒரே தடவையில எடுக்கோணும் எண்டுதான் சட்டம். அது எத்தனாவது தடவ எண்டு சட்டத்துல இல்ல. நான் பாதிரியார்ட்ட ரெண்டு தரம் கேட்டுட்டன்.”

சாச்சா வாக்கை ஞாபகப்படுத்தினார். வாப்பா அதை மறுக்கவில்லை. ஆள் தருவதாகச் சொன்னேன், ஆள் தருகிறேன் என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் தெல்தோட்டைக்குப் போனது வாப்பா. பீங்கான் கடையை மாமாவிடம் விட்டுவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாத அந்த மனுஷர், கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தோட்டத்து ஆட்களுக்குக் கருவாடும் மண்ணெண்ணெயும் அளந்துகொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் கண்டிக்கு வருவார். வந்தால் இருமிக்கொண்டே என் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பார், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கணக்குப் போட்டேன்.

மூன்றாம் தடவை ஐந்தும் ஒன்றாக வந்தன. செய்தியைச் சொல்ல நானே பஸ் ஏறிப் போனேன். வாப்பா கருவாட்டுக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஐந்தாவதைச் சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் இனி ஊட்டுக்கு வரலாந்தானே, மகன்?” என்றார்.