வராகம் பார்த்த திசை

வெங்கடேஸ்வரன் விமானத்தில் ஏறியதில்லை. ஏறும் ஆசையும் இல்லை. தம்பானூரில் உள்ள காப்பீட்டு அலுவலகத்துக்குப் பேருந்தில் போய்ப் பேருந்தில் வருகிறவர். மேம்பாலத்தில் வண்டி ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு விமான நிலையமே இருக்கிறது. எல்லாம் சாண் நீளப் பயணிகள் விமானங்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, தேய்த்து, வர்ணம் பூசி அவரே கட்டியவை.

பெட்டியோடு வரும் ஒட்டுப்படங்களை மட்டும் அவர் தொடமாட்டார். பேர், ஜன்னல் வரிசை, வாலில் வரும் சின்னம் எல்லாம் அவர் கைவேலையாகவே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்கென்று விற்கும் வழவழத்தாளில் அச்சிட்டு, மை கரையாமலிருக்க வார்னிஷ் அடித்துக் காயவைப்பார். பிறகு வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் படம் தாளைவிட்டு நழுவும். அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் விமானத்தின் மேல் உட்காரவைக்க வேண்டும். ஊறப்போடுவது காபி டவராவில். எந்த டவரா என்பதில் ஒருநாள் குழப்பம் நேர்ந்து காபி வேறு மாதிரி மணத்ததால், மனைவி கௌசல்யா ஒரு டவராவின் அடியில் நகப்பூச்சால் பொட்டு வைத்து அவருக்கே எழுதிக் கொடுத்தது போலக் கொடுத்துவிட்டார்.

இந்த வருடம் வெங்கடேஸ்வரன் சொந்தமாக ஒரு நிறுவனமே தொடங்கினார். ஸ்ரீவராகம் ஏர்வேஸ். வாலில் பாயும் வராகம், தங்க நிறத்தில். அந்த விமானத்தை நவராத்திரிக் கொலுவில் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கொலுவுல ஏரோப்ளேனா? படி நெறைய தசாவதாரம் உக்காந்திருக்கு," என்றார் கௌசல்யா.

"ஆறாட்டுக்குக் கடல்ல குளிக்கப் பத்மநாப சுவாமியே ஏர்போர்ட் ரன்வே வழியாத்தானே சங்குமுகம் கடற்கரைக்குப் போறார். பெருமாள் போற வழியில நிக்கற பிளேன், படியில நிக்கப்படாதா?"

கௌசல்யா பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"வைக்கறேன். வரவா யாராவது ஒரு குத்தம் சொன்னா, அப்புறம் எப்பவும் கட்டிலுக்கு அடியிலதான். கேட்டேளா?"

அமாவாசையன்று விமானம் படி ஏறியது. மூக்கு கலசத்தைப் பார்க்க வேண்டும் என்று கௌசல்யா சொன்னபடி வைத்தார்கள். மறுநாள் காலை ஆரத்தி எடுத்தாயிற்று. அதன்பின் விஜயதசமி முடியும்வரை எந்தப் பொம்மையையும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. அது அந்த வீட்டில் பேச்சுக்கு இடமில்லாத விஷயம்.

அன்று மாலை முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு ஜானவி, வங்கி அதிகாரி. பாடச் சொன்னார்கள், பாடினாள். பிறகு வெங்கடேஸ்வரனின் காதருகே வந்தாள்.

"மாமா, பிளேன் அந்தப் பக்கம் போறது. வராகம் மட்டும் எந்தாணு இந்தப் பக்கம் ஓடறது?"

வெங்கடேஸ்வரன் பார்த்தார். வாலின் இரண்டு பக்கமும் சின்னம் முன்னோக்கிப் பாயவேண்டும் என்றால், ஒரு பக்கத்துக்குப் படத்தைத் திருப்பிப்போட்டு அச்சிட வேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒரே திசையில் அச்சிட்டிருந்தார். இடப்பக்கம் ஒட்டி அழகு பார்த்த பூரிப்பில், வலப்பக்கத்தைக் கொலு அவசரத்தில் ஒட்டி முடித்திருந்தார். கூடத்தைப் பார்த்து நிற்பது அந்த வலப்பக்கம். விமானம் கலசத்தை நோக்கிப் போக, வராகம் அடுக்களையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று வந்தவர்களெல்லாம் வெங்கடேஸ்வரனைச் சுற்றி எட்டிப்பார்த்துத்தான் கொலு பார்த்தார்கள். விமானத்துக்கு முன்னால் நின்ற மனிதர் நகரவில்லை. சுண்டலையும் நின்றபடியே தின்றார். "மாமாவும் இந்த வருஷம் புதுப் பொம்மையா?" என்று ஒரு மாமி கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமிதாஸ் வருவதாகச் சொல்லியிருந்தார். பாறசாலைக்காரர், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. வீட்டில் இவரைப் போலவே விமானம் கட்டுவார். அடுத்தவர் விமானத்தில் குறை கண்டுபிடிப்பதில் இவரைவிடக் கெட்டிக்காரர். அவர் முன்னால் நின்று மறைக்க முடியாது. தோளைப் பிடித்து நகர்த்திவிடுவார்.

கையால்தானே தொடக்கூடாது என்று தோன்றியது வெங்கடேஸ்வரனுக்கு. சனிக்கிழமை காலை கௌசல்யா கோயிலுக்குப் போன நேரத்தில் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, நல்ல பக்கம் கூடத்தைப் பார்க்கத் திரும்பட்டும் என்று வாலுக்குக் குறிவைத்து முழு வேகத்தில் போட்டார். விமானம் அசையவில்லை. வாமனரின் காகிதக் குடை பறந்துபோய் வாசலில் நுழைந்த கௌசல்யாவின் காலடியில் விழுந்தது.

"என்ன பண்றேள்?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சொன்னார். கௌசல்யா குடையைக் கையில் பிடித்தபடியே குனிந்து வாலைப் பார்த்தார்.

"இதை ஜானவி பாத்துட்டாளா?"

"பாத்துட்டா. கட்டிலுக்கடியிலயே வச்சுக்கறேன். நீ ஒண்ணும் சொல்லாதே."

"அது அப்புறம். என் கொலுவுல குத்தம்னு அவ எப்படிச் சொல்லலாம்?"

வெங்கடேஸ்வரன் நிமிர்ந்தார். படியேறியதும் விமானம் கௌசல்யாவின் கட்சிக்கு மாறிவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"பிளேன் பின்னால போகவே போகாதா?" என்றார் கௌசல்யா.

"தானாப் போகாது. மூக்குல டிராக்டர் வச்சுப் பின்னால தள்ளுவா, கிளம்பறப்போ."

"அப்போ வராகம் ஓடற பக்கமே தள்ளுங்கோ. இருக்கறதை நகர்த்தத்தான் கூடாது. புதுசா ஒண்ணு வைக்கலாம்."

தீப்பெட்டிக்கு மஞ்சள் வர்ணம் பூசி, சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக ஒட்டி, சாயங்காலத்துக்குள் டிராக்டர் தயாரானது. கௌசல்யாவே அதை விமானத்தின் மூக்குக்கு முன்னால் வைத்தார், உரசாமல்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமிதாஸ் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெங்கடேஸ்வரன் சுவரைப் பார்த்து நின்றார்.

"பின்னால தள்ளிட்டிருக்கா," என்றார் கௌசல்யா, அவர் கேட்கும் முன்பே.

"தள்ளட்டும், அக்கா. செரி." சுவாமிதாஸ் வாலருகே போனார். வராகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது. "ஆனா சாமி, இம்புட்டுப் பெரிய வண்டியப் பின்னால பாக்காம எப்பிடி ரிவர்ஸ் எடுக்கியது?"

வெங்கடேஸ்வரன் சுவரை இன்னும் உற்றுப் பார்த்தார்.

"அதுக்குத்தானே வராகத்தைத் திருப்பி ஒட்டியிருக்கார்," என்றார் கௌசல்யா. "பெருமாளே பின்னால பாத்துண்டு போவார். நீங்க சுண்டல் எடுத்துக்கோங்கோ."

சுவாமிதாஸ் இரண்டு தடவை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். குற்றம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த வெங்கடேஸ்வரன் அடுக்களை நிலைப்படியில் நின்றார்.

"அப்போ அடுத்த வருஷம்?"

கௌசல்யா பொட்டு வைத்த டவராவைக் கழுவிக் கவிழ்த்தார்.

"வைக்கலாம். ஒட்டறப்போ மட்டும் என்னைக் கூப்பிடுங்கோ."