பதினோரு வருஷம்

பிரசவ வார்டில் அவளுக்கு 'ஊசியக்கா' என்றுதான் பெயர். பிறந்து இரண்டு மூன்று நாளான பிள்ளைகளின் குதிகாலில் குத்தி, பரிசோதனை அட்டையில் ரத்தப் பொட்டு வைப்பது அவள் வேலை. பதினோரு வருடம் எல்லோரையும் போலத்தான் செய்தாள். தாயை வெளியே அனுப்புவாள், பிஞ்சுக் காலை இறுக்கிப் பிடிப்பாள், குத்துவாள். பிள்ளை வீரிட்டு அலறும். அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

ஒருநாள் ஒரு தாய் பிள்ளையைக் கொடுக்கவே மாட்டேன் என்றாள். "பால் குடிச்சுக்கிட்டு இருக்கு. இப்படியே குத்துங்க."

எரிச்சலோடு குத்தினாள். பிள்ளை லேசாக முனகிவிட்டு மறுபடி சப்பத் தொடங்கியது. ஊசியக்கா அட்டையில் பொட்டு வைக்க மறந்து அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்தாள்.

அன்றிலிருந்து தாயின் வெறும் மார்பில் பிள்ளையைக் கிடத்தி, பால் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் குத்துவாள். பால் ஊறாதவர்களிடம், "சும்மா அணைச்சுக்கோம்மா, உன் சூடே போதும்" என்பாள். வார்டில் அலறல் வெகுவாக அடங்கியது.

தலைமை நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷமா? இது ஆஸ்பத்திரியா, தாலாட்டுக் கச்சேரியா? பச்சப்புள்ளைக்கு என்ன வலி தெரியும்?"

"தெரியாதுன்னா ஏன் சிஸ்டர் கத்துது?"

எதிர்த்துப் பேசியதற்கு, மறுவாரமே ரத்த மாதிரிக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டும் கீழ்த்தள அறைக்குத் தூக்கியடித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவள் தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் ஊசியக்கா மேலே ஓடி வந்தபோது, தங்கை வார்டுக்கு வெளியே நின்றிருந்தாள். ஊசியக்காவின் இடத்துக்குப் புதிதாக வந்தவன் பிள்ளையை வாங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அவ மடியில வச்சுக் குத்தேன்."

"ரூல்ஸ் அப்படி அக்கா. உங்களுக்கு ஆனது எனக்கும் ஆகணுமா?"

கதவு சாத்திக்கொண்டது. குதிகால் சில்லிட்டிருந்ததோ என்னவோ, ரத்தம் போதவில்லை. மூன்று முறை குத்தினான். அழுகை கம்மிக் கம்மித் தேய்ந்தது. சுவரில் சாய்ந்திருந்த தங்கையின் சட்டை பாலில் நனைந்தது.

"அக்கா, நீயும் இப்படித்தான் குத்தினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினோரு வருஷம்" என்றாள்.

கதவு திறந்ததும் தங்கை பிள்ளையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஊசியக்கா கையை நீட்டினாள். தங்கை முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.