கங்காணி வீட்டு நாற்காலியும் என் சைக்கிள் சீட்டும்

சைக்கிள் சீட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைக் கட்டைவிரலால்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். உட்காரப் போவது கட்டைவிரலா என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், கம்போங் ராஜா ஊர்ச் சைக்கிள் கடையில் தொங்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, விரல் எதில் அதிகம் புதைந்ததோ அதையே எடுத்தேன். கனத்த ஸ்பஞ்சு, மேலே சிவப்பு வெல்வெட் உறை, ஓரமெல்லாம் குஞ்சம்.

கடைக்கார சீனர் கறுப்புத் தோல் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். தட்டினால் பலகை மாதிரி சத்தம் வந்தது. இது போகப் போகப் பழகிவிடும், அது மழைக்கு ஆகாது என்று மலாயில் சொல்லி வானத்தைக் காட்டினார். இந்தத் தேயிலை மலையிலேயே பிறந்தவனுக்கு மழையைப் பற்றிப் பாடமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு நான் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. பெண் ஏற்கெனவே பார்த்தவள்தான். மாரியம்மன் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் வயிறு தாங்காத அளவுக்கு மோர் குடித்துவிட்டு வந்து, கட்டினால் இவள்தான், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சிக்கல் அவளுடைய அப்பா. கம்போங் ராஜாவுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. கங்காணி முன்னால் பழைய ஆட்கள் உட்காரமாட்டார்கள். விடைபெறும்போது முதுகையும் காட்டமாட்டார்கள். முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து வாசலைத் தாண்டுவார்கள். நானோ தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் முதல் வரிசையில் கை தட்டுகிறவன். "அவரு வீட்டு நாற்காலியில கால்மேல கால் போட்டு உக்காந்துட்டு வரேனா இல்லையா பாருங்க" என்று தேயிலைத் தொழிற்சாலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மாவும் தாய்மாமாவும் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியில் முன்னால் போய்விட்டார்கள். கோஸ் மூட்டையோடு போய் இறங்குவது மாப்பிள்ளைக்கு அழகில்லை. நான் வெள்ளைக் கால்சட்டை போட்டுச் சைக்கிளில் கிளம்பினேன். அன்றைக்குத்தான் சீட்டின் பிளாஸ்டிக் பையைக் கழற்றினேன். கியா பார்ம் மேட்டிலிருந்து ஒரே இறக்கம், மிதிக்கவே வேண்டாம். தோட்டத்துத் துரைகூட இவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

வழியில் கோலா தெர்லாவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காய்கறிக் கடைக்குள் ஒதுங்கினேன். நான் ஒதுங்கினேனே தவிர, சைக்கிள் வெளியில்தான் நின்றது. மழை விட்டதும் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறினேன். ஸ்பஞ்சு குடித்து வைத்திருந்த தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சமாக மேலே வந்தது. கங்காணி வீட்டு வாசலில் இறங்கிப் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். கை சிவப்பாக வந்தது.

உள்ளே சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அதற்கு வெள்ளை நூலில் பின்னிய உறையும் மாட்டியிருந்தார்கள்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் கங்காணி.

"இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டேன்.

தாய்மாமா கண்ணைக் காட்டினார். அம்மா இருமினாள். நான் அசையவில்லை. பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள், நின்றபடியே குடித்தேன். இவ்வளவு ஆசைப்பட்டுப் பார்க்க வந்தவளை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை, மனசெல்லாம் கால்சட்டையில் இருந்தது. கிளம்பும்போது கையைக் கூப்பி, பின்பக்கமாகவே நடந்து, கதவு நிலையில் ஒரு இடி வாங்கி, வாசலைத் தாண்டினேன்.

கங்காணி தாய்மாமாவிடம் சொன்னாராம்: "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா? போன வாரம் வந்தவன் கால்மேல கால் போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தான்லா."

கல்யாணம் நடந்தது. மறுவாரமே அந்தக் கறுப்புத் தோல் சீட்டை வாங்கி மாட்டினேன். கொஞ்ச நாள் உயிரை வாங்கியது, பிறகு என் உடம்புக்கென்றே செய்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் மாமனார் வீட்டில் மட்டும் எனக்கு உட்கார வாய்க்கவில்லை. மரியாதைக்காரன் என்று பேரெடுத்துப் பெண்ணைக் கட்டியவன் எப்படித் திடீரென்று உட்காருவது? போகும்போதெல்லாம் "உக்காருங்க மாப்பிள்ள" என்பார். சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதே சுவரோரமாக நிற்பேன். என் பிள்ளைகள் அந்த நாற்காலியில் ஏறிக் குதித்தார்கள். நான் தீபாவளிக்கும் நின்றேன், பொங்கலுக்கும் நின்றேன். தொழிற்சாலையில் கேட்டவர்களிடம், நாற்காலி சின்னது என்று சொல்லி வைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் மாமனாருக்கு வாதத்தில் கால் விழுந்துவிட்டது. ஒரு மத்தியானம் பெண்கள் எல்லாம் அடுப்படியில் இருந்தார்கள். கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

"மாப்பிள்ள, அந்தச் சிவப்புச் சீட்டு என்னாச்சு?"

அவர் சுவரைக் காட்டினார். "அன்னைக்கு நீங்க போனப்புறம் பாத்தேன். நீங்க நின்ன எடத்துல ரெண்டு செவப்பு வட்டம். பொம்பளைங்க கண்ணுல படுறதுக்குள்ள நானே சுண்ணாம்பு அடிச்சிட்டேன்."

"அப்ப மரியாதைக்காக நிக்கலன்னு தெரிஞ்சும் பொண்ணு குடுத்தீங்களா மாமா?"

"அந்த உறை உங்க அத்த ராப்பகலா பின்னுனது. அத அழுக்காக்காம இருக்க அந்தப் பாடு பட்டீங்க. போதும்னு தோணுச்சி."

வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம்தான் முந்திக்கொண்டது. "எல்லாம் தெரிஞ்சும் இத்தன வருஷம் என்ன நிக்க வச்சிட்டீங்களே."

"நான் எங்க நிக்கச் சொன்னேன்? வரும்போதெல்லாம் உக்காருங்கன்னுதானே சொன்னேன்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கால்மேல் கால் போடத் தோன்றவில்லை.