ஃபிலிமில் கறுத்திருந்த மூட்டுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். வீடு கோவில்பதாகையில். ஒரு மழைக்காலத்தில், காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காமல் போயின. வெந்நீரில் கையை வைத்திருந்தாலும் பத்து மணி வாக்கில்தான் இறுக்கம் தளரும். அதுவரை நான் வைக்கிற காலரெல்லாம் கோணும். சூப்பர்வைசர் அம்மா அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைப்பார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒரு கோளாறும் இல்லை. லேத் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரல் விரலாகப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் கீதும்மே. அப்பால எங்கேர்ந்து வலி வருது?”

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் அது புரியவில்லை. ஒரு கட்டத்தில், இல்லாத வலியை நானே வரவழைத்துக்கொள்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பட்டணத்தில் மூட்டு நோய்களுக்கென்றே ஒரு லேடி டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இது பொய் சொல்லலம்மா. எலும்பு அரிச்ச பிறகுதான் இதுக்குத் தெரியும். உங்களுக்கு எலும்பைச் சுத்தியிருக்கிற ஜவ்வு வீங்கியிருக்கலாம். எத்தனை மூட்டுல இருக்குன்னு ஸ்கேன்ல பார்த்துடலாம்” என்றார்.

ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கு எடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போனதும் முதலில் கையில் ஓர் ஊசி போட்டார்கள். பிறகு, மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழித்துவிடுங்கள் என்றார்கள். ஊசி மருந்து உடம்பில் இருப்பதால் இன்று ஒருநாள் கைக்குழந்தைகளைத் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் கணவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் முறைத்ததும் திரும்ப ஒட்டி உட்கார்ந்தார்.

மெஷின் இருந்த அறையில் ஓர் இளைஞர். படுத்ததுமே அவரைக் கேட்டேன்:

“எந்தப் பக்கத்துலேர்ந்து தம்பி ஒளி வரும்?”

“மெஷின்லேர்ந்து ஒண்ணும் வராதும்மா. உங்க உடம்புலேர்ந்துதான் வரும். ஊசியில போன மருந்து எலும்புல போய் ஒட்டிக்கும். வீக்கம் இருக்கிற இடத்துல ரத்தம் ஜாஸ்தி ஓடும், அங்க மருந்தும் ஜாஸ்தி சேரும். அதுலேர்ந்து வர்ற கதிரை இந்தத் தட்டு வாங்கிக்கும்.”

மெஷின் என்னைப் பார்க்க, நான் சும்மா படுத்திருக்க வேண்டும் என்று நினைத்து வந்தவள் நான். கதிர் விடுவது நானாம்! கேட்க இன்னும் பத்துக் கேள்விகள் இருந்தன. அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டார்.

தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன். முதலில் வெறுமை. பிறகு ஒவ்வொரு புள்ளியாக விழுந்தது. மெதுவாக ஒரு மணிக்கட்டு தெரிந்தது, பிறகு விரல்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த என் கணவர் அடங்கிய குரலில், “ஏம்மே, உன் வெரலு முட்டில மட்டும் எறும்பு மாதிரி மொய்ச்சிகினு கீது” என்றார். எனக்கு அழுகை வந்தது. வலிக்கு அழவில்லை. அது அங்கே இருந்தது, இன்னொருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஃபிலிமை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். இரண்டு மணிக்கட்டும், விரல் மூட்டுகளும், ஒரு முழங்காலும் கறுத்திருந்தன. காதுக்கு முன்னால் தாடையிலும் ஒரு கறுப்பு. டாக்டர் அங்கே விரலை வைத்து, “மெல்லும்போது வலிக்குமா?” என்றார்.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போன வருஷம் அந்த வலி தாங்காமல், பல் வலி என்று நானே முடிவு கட்டி, பிடிவாதமாக ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்திருந்தேன்.

“பாவம், நல்ல பல்லு” என்றார் கணவர். டாக்டரே சிரித்துவிட்டார்.

எங்கே வீக்கம் என்பதைத்தான் ஸ்கேன் சொல்லும், என்ன நோய் என்பதை ரத்தப் பரிசோதனையோடும் நான் சொல்வதோடும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கினார். ரத்தப் பரிசோதனையும் வந்த பிறகு முடக்குவாதம் என்று முடிவானது. வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரையும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஃபிலிமைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் சூப்பர்வைசர் அம்மாவிடம் காட்டினேன். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இத்த வச்சிகினா இத்தினி நாளு காலர் தச்சே?” என்றார். அன்றிலிருந்து பத்து மணி வரை, தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்; அதன் பிறகுதான் மெஷின்.

மாத்திரை வேலை செய்ய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு காலை, பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரி இல்லாமல் கிள்ளிப் பிய்த்துவிட்டேன். பிய்த்த பிறகுதான், விரல் வலிக்கவில்லை என்பது உறைத்தது. அதற்கடுத்த முறை டாக்டரிடம் போனபோது, இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன்.

“எதுக்கும்மா? வலி குறைஞ்சிருக்கு, வீக்கம் வத்தியிருக்கு, ரத்த டெஸ்டும் நல்லா வந்திருக்கு.”

“அந்தப் புள்ளியெல்லாம் எங்க போச்சுன்னு பாக்கணும் டாக்டர்.”

அவசியமில்லாமல் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், “ஒனக்கு ஒடம்பு சரியானது சந்தோஷமா, படம் பாக்காதது வருத்தமா?” என்று கணவர் கேட்டார். இரண்டும்தான் என்றேன்.