சாமந்தி வைத்த கை

ஒன்பது வருடம் வளர்த்த நாயைப் புங்க மரத்தடியில் உப்புக் கொட்டிப் புதைத்தோம். மனைவி அதை மஞ்சள் நீரில் குளிப்பாட்டித் தன் சேலையில் சுற்றியிருந்தாள். நரி தோண்டாமலிருக்க நான் முள் வெட்டிப் போட்டேன். தலைமாட்டில் கல் நட்டு அவள் சாமந்தி வைத்துக்கொண்டிருந்தபோது, பென்னாகரம் சாலையில் போன கால்நடை மருத்துவர் வண்டியை நிறுத்தினார்.

"எப்படிங்க செத்துச்சு?"

"தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சுங்க. ரெண்டு நாளா தண்ணி எறங்கல, எச்சி ஒழுகிட்டே இருந்துச்சு. கைய உள்ள விட்டுத் தேடிப் பாத்தேன்" என்றாள் மனைவி.

"எலும்பு கெடச்சுதுங்களா?"

"இல்லீங்க."

அவளது ஆள்காட்டி விரலில் அரிவாள் பட்ட காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

"அது வெறிநோயா இருக்கும்மா. சோப்புப் போட்டுக் கழுவிட்டு இப்பவே ஊசிக்குக் கெளம்புங்க."

என்றைக்குக் கையை விட்டாள் என்று கேட்டார். நாங்கள் இருவரும் வேறு வேறு நாளைச் சொன்னோம்.