கப்பில் கயிறு கட்டிய கஸிஜா

“உன் கப்புல நீயே கஞ்சி ஊத்திக் குடி. என் உடம்புக்குள்ள அதுக்கு ஒரு வேலையும் இல்ல.”

இதைச் சொல்லும்போது கஸிஜா எதிரில் நின்ற ஸுவேனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோடு சண்டை போட்டாலும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மடியில் நீளக் கயிறு கிடக்கும். கடற்பாசித் துண்டை அதில் வைத்து, சின்ன நூலால் முடிச்சுப் போட்டபடியே பேசுவாள். கோபம் ஏற ஏற முடிச்சு இறுகும். அறுவடை அன்று ஒரு முடிச்சு அவிழாமல் அடம்பிடித்தால், அதைக் கட்டிய நாளில் யாரோடு தகராறு என்று ஜம்பியானி என்ற அந்தத் தீவுக் கிராமத்தின் கரையில் கேட்பார்கள். பெரும்பாலும் பதில் ஒரே பெயர்தான்.

ஸுவேனா அவளுக்குச் சக்களத்தி. இப்போது அதுவும் இல்லை. மக்காமே என்ற மீன்பிடிக்காரன் முதலில் கஸிஜாவைக் கட்டினான். பிறகு ஸுவேனாவைக் கட்டினான். பிறகு நகரத்தில் மூன்றாவதாக ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு, இருவருக்கும் ஒரே வாரத்தில் தலாக் சொல்லிவிட்டுப் படகை விற்றுப் போனான். போகும்போது இரண்டு வீட்டிலும் நல்ல சட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டுதான் போனான். அவன் விட்டுப் போனது சண்டையை மட்டும். அதை இரண்டு பேரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். வீடும் பக்கத்துப் பக்கத்தில், கடலில் பாசிப் பாத்தியும் பக்கத்துப் பக்கத்தில்.

கஸிஜாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தோள் அகலம், குரல் கட்டை. முள்ளெலி போல் கிடக்கும் கடல் முள்ளிகளுக்குப் பயந்து, இரண்டு காலுக்கும் இரண்டு நிறத்தில் கிழிந்த காலுறை போட்டு, அதன் மேல் ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்குவாள். தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் எந்த வெள்ளைக்காரியோ விட்டுப்போன ஓலைத் தொப்பி. இடுப்பு முடிச்சில் பொரித்த மரவள்ளிக்கிழங்கு. கேட்டவர்களுக்குக் கொடுக்கமாட்டாள். “பசிச்சா உங்க வீட்டுலயும் அடுப்பு இருக்குல்ல” என்பாள். மனிதர்களிடம் இப்படிப் பேசுகிறவள் பாசியிடம் மட்டும் குழைவாள். இடுப்பளவு நீரில் குனிந்து, “ஏன்டா கண்ணு வாடிப்போன? நான்தான் வந்துட்டேன்ல” என்று கொத்துக் கொத்தாக அலசிவிடுவாள்.

அவளுடைய பாத்தி கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. மேடான இடத்தில் வெயில் ஏறினால் நீர் வெந்நீராகிப் பாசி வெளுத்து உதிர்ந்துவிடும். கால்வாய் ஓரத்தில் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் வந்து போகும். அந்தப் பாத்தி கைவிட்டுப் போனால் மிஞ்சுவது மேடு மட்டும். மேட்டில் நட்டவள் வீட்டில் அடுப்பு புகைவதோடு சரி.

கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அமாவாசையை ஒட்டி ஒரு வாரம், முழுநிலவை ஒட்டி ஒரு வாரம் கடல் நன்றாக வடியும். நடவு, களை, அறுவடை எல்லாம் அப்போதுதான். தொடர்ந்து இரண்டு வடிதலுக்கு ஒருத்தி தன் பாத்தியில் இறங்காவிட்டால், கேட்கிறவளுக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். என்ன காரணம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கரைக் கமிட்டிப் பெரியவர் அமேரிடம் எந்தப் பெண் போய், எனக்கு மாதவிடாய் முழுநிலவோடு வருகிறது என்று சொல்வாள்?

கஸிஜாவுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. துணி கட்டிப் பார்த்தாள். துணி கடலைக் குடித்துக் கைக்குழந்தை கனம் கனத்தது. உப்பு ஏறிய ஓரம் தொடையை அறுத்தது. கடையில் விற்கும் நாப்கின் வைத்துப் பார்த்தாள். அது ஊதிக் கழன்று மிதந்தது. பக்கத்துப் பாத்திக்காரி அதை வெள்ளைப் பாசி என்று நினைத்துக் கையில் எடுத்தாள். அந்தப் பக்கத்துப் பாத்திக்காரி ஸுவேனா. அந்தச் சண்டை மட்டும் ஒரு பருவம் முழுக்க ஓடியது. ஓட்டலில் அறை கூட்டும் ஸுவேனாவின் மகள், உல்லாசப் பயணிகள் உள்ளே வைக்கிற பஞ்சுத் திரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கஸிஜா அதையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். “அது என் ரத்தத்தையா குடிச்சுது? இந்தியப் பெருங்கடலையில்ல குடிச்சுது.” அதன் பிறகு அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். அமாவாசை வாரத்தில் இரண்டு மடங்கு உழைத்து ஈடு கட்டுவாள்.

ஒரு முறை அமாவாசை வாரத்தைக் காய்ச்சல் தின்றது. முழுநிலவு நெருங்கியது. இடுப்பு வலி ஆரம்பித்துவிட்டது. மேட்டுப் பாத்திக்காரி மோசி கரையில் நின்று கஸிஜாவின் பாத்தியில் பாசிக் கயிறு கட்டும் முளைக்குச்சிகளைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். அமேரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தாள். அப்போதுதான் ஸுவேனா சின்னத் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓட்டலில் வேலை பார்க்கும் மகளுக்காக வாங்கிய கப்பு, உள்ளே வைத்தால் மாதவிடாய் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் கப்பு. மகள் முழுகாமல் இருந்ததால் பிரிக்கப்படாமலே கிடந்தது. ஸுவேனா போன வருடத்திலிருந்தே ஒன்று வைத்திருக்கிறாள், முழுநிலவிலும் இறங்குகிறாள். எப்படி என்று கேட்கக் கஸிஜாவின் ரோஷம் விடவில்லை.

கஞ்சி ஊற்றிக் குடிக்கச் சொன்ன பிறகும் ஸுவேனா நகரவில்லை.

“நாலு பெத்தவளுக்கு இப்ப என்ன புதுசா வெட்கம், மூத்தவளே? நாலு தலை வெளிய வந்த வழியில ஒரு கப்பு உள்ள போகாதா?”

“தலைங்க வெளிய வரணும்னுதான் கேட்டுச்சு. உள்ள போறேன்னு எதுவும் கேக்கல.”

“அப்ப வீட்டுலயே உக்காரு. மோசி வரட்டும்.”

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. “உனக்கு என்மேல எப்பலேந்து அக்கறை, சின்னவளே?”

“உன்மேல யாருக்கு அக்கறை? உன்கூட சண்ட போட்டுப் பழகிட்டேன். புதுசா ஒருத்திகூட முதல்லேந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

இது கஸிஜாவுக்குப் புரிகிற நியாயம். பையை வாங்கிக்கொண்டாள். வேகவை, மடி, உள்ளே விடு, தானா விரிஞ்சுக்கும் என்பது வரைக்கும் கேட்டாள். எடுக்கும்போது என்று ஸுவேனா வாயைத் திறந்ததும், “வச்சதை எடுக்க எனக்குத் தெரியாதா? நீ போ” என்று விரட்டிவிட்டாள்.

கடலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம்: கட்டாத எதையும் தண்ணீருக்குள் கொண்டுபோகமாட்டார்கள். கூடை, கத்தி, செருப்பு எல்லாவற்றுக்கும் கயிறு உண்டு. கட்டாததை அலை கொண்டுபோய்விடும். கஸிஜா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் சின்னக் காம்பு இருந்தது. பாசி கட்டும் நூலில் ஒன்றை எடுத்து அந்தக் காம்பில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். அதன் பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது.

மறுநாள் காலை முளைக்குச்சிகளுக்கு நடுவே அவள் நின்றதைக் கரையே பார்த்தது. முதலில் தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு நண்டு மாதிரி நடந்தாள். ஒரு வரிசை முடிந்ததும் மறந்துபோனாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், கால் அகட்டி நின்று களையைப் பிடுங்கினாள். முக்காட்டு நுனியால் பின்பக்கம் மறைக்கவில்லை. திரும்பித் திரும்பித் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை. அமேர் கரையோரம் வந்து, அவள் பாத்தியைப் பார்த்து, “இறங்கிட்டாளே” என்று மோசியிடம் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார். கஸிஜா பாசிக்குப் பாட்டே பாடினாள். கேட்கச் சகிக்கவில்லை என்று ஸுவேனா இன்றும் சொல்கிறாள்.

மதியம் வீட்டுக்கு வந்து, தென்னை ஓலை அடைத்த குளிக்கும் மறைப்புக்குள் போனாள். நூலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தாள். நூல் மட்டும் கையோடு வந்தது.

ஓலைக்கு இந்தப் பக்கம் ஸுவேனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து ஒரு குரல், கஸிஜாவின் குரல் போலவே இல்லாத குரல், அழைத்தது.

“சின்னவளே. அது மேல போயிடுச்சு.”

“எங்க மேல?”

“ஈரலுக்குப் பக்கத்துல இருக்கு. தெரியுது எனக்கு. நெஞ்சு அடைக்குது.”

“அது என்ன நடுக்கடலா, மெதந்து போக? மூடின அறை. அந்தப் பக்கம் வாசல் கிடையாது. எதைப் புடிச்சு இழுத்த?”

“கயிறு கட்டியிருந்தேன்.”

ஸுவேனா சட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உள்ளே இருந்து வந்த வசவுகளில் பாதியை அச்சில் போட முடியாது. சிரிப்பு அடங்கியதும் ஓலையோரம் நகர்ந்து வந்தாள்.

“மூத்தவளே, மணல்ல எறங்கின முளைக்குச்சிய எப்படிப் புடுங்குவ?”

“இப்ப அதுவா கேள்வி?”

“சொல்லு.”

“நேரா இழுத்தா மணல் கவ்விக்கும். இப்படியும் அப்படியும் ஆட்டணும். தண்ணி உள்ள போனா தானா விடும்.”

“அதேதான். குத்துக்கால் போட்டு உக்காரு. பெத்தப்ப முக்கின மாதிரி மெதுவா முக்கு. அடிப்பக்கத்த ரெண்டு விரலால நசுக்கு, காத்து உள்ள போகட்டும். பெறகு ஆட்டு. இழுக்காத. அவசரப்பட்டா இன்னும் கவ்விக்கும்.”

ஓலைக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். பக்கத்துத் தெருவில் கோழி கொக்கரித்தது. பிறகு ‘ப்ளக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். அதற்குப் பிறகு வந்தது ஒரு நீளமான மூச்சு. நாலு பிள்ளை பெற்றபோதும் அப்படி மூச்சு விட்டதில்லை என்று கஸிஜாவே சொல்வாள்.

“வந்துடுச்சா?”

“ம்.”

“அப்ப ஏன் பேசாம இருக்க?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.” கப்பைக் கையில் வைத்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவுதானா சின்னவளே? பாதி டீ கிளாஸ்கூட இல்ல. இதுக்கா இத்தன வருஷம் பயந்து வீட்டுல கெடந்தேன்?”

ஸுவேனா அடுப்படிக்குப் போனாள். வெளியே வந்த கஸிஜாவுக்குத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த பேய்க்கணவாய்த் துண்டுகளைக் கொடுத்தாள். கஸிஜா சாப்பிட்டுவிட்டு உப்பு போதவில்லை என்றாள். அன்று சாயங்காலமே, பாத்தி எல்லையில் ஒரு முளைக்குச்சி நகர்ந்திருக்கிறது என்று சண்டை ஆரம்பித்தது.

இப்போது மாதம் ஒரு முறை, பால்பவுடர் டப்பாவில் தண்ணீர் வைத்து, முற்றத்து அடுப்பிலேயே கப்பை வேகவைக்கிறாள். மறைப்பதில்லை. போகிறவள் யாராவது, “என்ன வேகுது கஸிஜாக்கா?” என்றால், “என் பாத்தி வேகுது” என்பாள். மாதவிடாயால் தொழுகை விட்ட நாட்களில் கடலுக்கு மட்டும் போகலாமா என்று ஒரு கிழவி இழுத்ததற்கு, “அல்லா தொழுகைக்குத்தான் லீவு குடுத்தான். கடலுக்குக் குடுக்கல” என்று முடிச்சிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள். பாசி கட்ட உட்காரும் இளம்பெண்கள் வெட்கப்பட்டுக் கேட்டால் எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லிக்கொடுக்கிறாள், தன் கயிற்றுக் கதை உட்பட. மோசி கேட்டபோதும் சொன்னாள். ஆனால் மரவள்ளிக்கிழங்கு கொடுக்கவில்லை.

போன அறுவடை முடிந்ததும், ஸுவேனாவையும் கூட்டிக்கொண்டு நகரத்துச் சந்தைக்கு மெத்தை வாங்கப் போனாள். பெரியவளான நாளிலிருந்து மாதவிடாய் இரவுகளில் பாசிச் சாக்கை விரித்துப் படுத்தவள். நாலு கடை ஏறி இறங்கினாள். எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தாள். ஒன்றில் செருப்போடு படுத்தும் பார்த்தாள். கடைசியில் அதையே எடுத்தாள். வெள்ளைப் பூப்போட்ட துணி தைத்தது, மேலே பிளாஸ்டிக் உறை.

“உறையக் கழட்டாதீங்கக்கா” என்றார் கடைக்காரர். “அதோடயே போட்டுப் படுங்க. பொம்பளைங்க இருக்கிற வீடு, கறை கிறை பட்டா போகாது.”

கஸிஜா உறையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தாள். பல்லால் கடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கடையிலேயே கிழித்து, சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். மெத்தையின் விலை தொண்ணூற்றைந்தாயிரம் ஷில்லிங், அந்த அறுவடைப் பணத்தில் பெரும்பகுதி.