அண்ணை அளாப்பிய நாள்

சின்ன வயதில் எனக்கு ஒரு பொல்லாத குணம் இருந்தது. விளையாட்டில் யாராவது அளாப்பினால் பொறுக்கமாட்டேன். கிளித்தட்டில் கோட்டை மிதித்து ஏமாற்றுகிறவர் சொந்த அண்ணையாகவே இருந்தாலும், ஊர் கேட்கக் கத்தி அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. "நீதவான் அம்மா வந்திட்டா" என்று அவர் நையாண்டி பண்ணுவார். அந்த நீதியால் ஒருநாள் அவரையே தொலைத்துவிடப் பார்த்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினாறு. இறுப்பிட்டியில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. அப்பா தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்துபோக, உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். அவர் பைக்குள் இரண்டு சேட்டும் ஒரு சிங்களச் சித்திரக்கதைப் புத்தகமும் மட்டும் இருந்தன. கடையில் சாமான் சுற்ற வாங்கிய பழைய தாள்களுக்குள் கிடந்ததாம். இதை எதற்குக் காவிக்கொண்டு வந்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "அந்த நேரம் கைக்கு வந்ததைத் தூக்கினனான்" என்றார்.

வெளிநாட்டு வித்தைக்காரன் ஒருவனின் வாழ்க்கைக் கதை அது. எந்தக் கட்டிலிருந்தும் அவன் தப்பிவிடுவான். விலங்கு பூட்டி, பெட்டிக்குள் அடைத்து, ஆற்றில் போட்டாலும் ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்து சபைக்குக் கும்பிடு போடுவான். எங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாதான் இரண்டிரண்டு பக்கமாகத் தமிழில் சொல்லுவார். அதற்கு மேல் கெஞ்சினாலும் சொல்லமாட்டார்.

ஒரு பக்கத்தில் கயிற்றுக் கட்டை அவிழ்க்கும் இரகசியம் படம் படமாக இருந்தது. கட்டும்போதே மூச்சை இழுத்து மணிக்கட்டுகளைப் புடைத்து வைத்திருக்க வேண்டும். பிறகு தளர்த்தினால் கயிற்றுக்குள் இடம் கிடைக்கும். அண்ணைக்கு அந்தப் பக்கம் தலைகீழ்ப் பாடம். பின்வளவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கைகளைப் பின்னால் கட்டச் சொல்லுவார். கட்டுகிறவள் நான். வேலி அடைக்கும்போது அப்பாவுக்கு உதவி செய்து எனக்கு முடிச்சு நன்றாகப் பழகியிருந்தது. நூறு எண்ணுவதற்குள் அவர் அவிழ்த்தால் குசினிச் சுவரில் அடுப்புக் கரியால் ஒரு கோடு, தோற்றால் குறுக்கும் மறுக்குமாக ஒரு புள்ளடி. சுவர் நிறையக் கோடுகள்தான். ஒரு புள்ளடியாவது போட்டுவிட வேண்டும் என்று எனக்குப் பெரும் வெறி.

அந்தச் சனிக்கிழமை காலை, தும்புக் கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினேன். ஐம்பத்தெட்டு எண்ணும்போது நாய்கள் ஒரேயடியாகக் குரைத்தன. கிணற்றடியில் நின்ற அம்மா "ஐயோ, ஆமி!" என்றார். எழும்ப நேரமில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு நாலு சிப்பாய்கள் வளவுக்குள் வந்துவிட்டார்கள். நாலு துவக்குகளும் அண்ணையைப் பார்த்தன.

பதினாறு வயதுப் பெடியன் என்றாலே சந்தேகப்பட்ட காலம். ஆனால் அவர்கள் பிடிக்க வந்த பெடியன் ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதைக் கண்டதும் அவர்களுக்கே ஒன்றும் விளங்கவில்லை. அப்பா கைகளைத் தூக்கியபடி ஓடிவந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்னைக் காட்டினார், நிலத்தில் கிடந்த புத்தகத்தைக் காட்டினார். ஒரு சிப்பாய் அதைக் குனிந்து எடுத்தான். அண்ணையைவிட இரண்டு வயது கூட இருந்தால் பெரிது. பக்கங்களைப் புரட்டி வாசித்து வாய்க்குள் சிரித்தான். பிறகு கயிற்றுப் பக்கத்தில் விரலை வைத்து அப்பாவிடம் கேட்டான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"அவிட்டுக் காட்டட்டாம்," என்றார் அப்பா.

நான் அண்ணைக்குப் பின்னால் நின்றேன். கட்டு எப்போதோ கழன்றுவிட்டது. வலது கை முழுவதும் வெளியே வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கை மெதுவாகத் திரும்பக் கயிற்றுக்குள் நுழைந்தது. கயிற்றின் நுனியை உள்ளங்கைக்குள் சுருட்டி இறுகப் பொத்திக்கொண்டது. பிறகு அண்ணை தோளை உலுக்கினார், முக்கினார், கதிரையோடு ஆடினார். வியர்வை மட்டும் உண்மையாகவே வழிந்தது.

"ஏலாது," என்றார். "இறுகிப் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்பதற்காக அளாப்புகிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. பார்க்கிறவன் சிப்பாயாக இருந்தால் என்ன, நீதி நீதிதான்.

"பொய்! அண்ணை அளாப்பிறார், கை கழண்..."

அப்பாவின் கை என் வாயில் விழுந்தது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. உதடு வெடித்து இரத்தம் உப்புக் கரித்தது. அந்தச் சிப்பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எவ்வளவு விளங்கும் என்று யாருக்குத் தெரியும்? நடந்து கதிரைக்குப் பின்னால் வந்தான். அம்மா கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவன் குனிந்து கட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தான். அண்ணையின் பொத்திய கை விட்டுக்கொடுக்கவில்லை.

"மோடயா," என்று அண்ணையின் பிடரியில் தட்டிவிட்டுச் சிரித்தான். சிங்களத்தில் மடையன் என்று அர்த்தம். மற்றவர்களும் சிரித்தார்கள். புத்தகத்தை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். கடைசிப் பக்கங்களை அப்பா எங்களுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த வித்தைக்காரன் முடிவில் என்னவானான் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று எங்கள் ஒழுங்கையில் இரண்டு பெடியளைக் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள். ஒருவன் திரும்பி வரவேயில்லை. கட்டை அவிழ்க்கப் பழகியவன் என்று தெரிந்திருந்தால் மூன்றாவது ஆளாக அண்ணையும் போயிருப்பார். இது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

அன்றைக்கோ எனக்கு உதடு நொந்ததும் நீதி செத்ததும்தான் பெரிதாக இருந்தன. அண்ணை கையை விரித்தபோது தும்பு குத்தி உள்ளங்கையெல்லாம் இரத்தம்.

"நீங்கள் அளாப்பினீங்கள்," என்றேன்.

"ஓம், நீதவான் அம்மா. தோத்துப் போனன். புள்ளடியைப் போடும்," என்றார்.

குசினிச் சுவரில் எல்லாக் கோடுகளையும்விடப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு அம்மா குசினிக்கு வெள்ளையடித்தார். கோடுகள் எல்லாம் மறைந்துபோயின. புள்ளடியைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை படாமல் விட்டிருந்தார். அண்ணை அளாப்பியது அம்மாவுக்கும் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, எனக்குப் பெரிய சந்தோஷம்.